லாக்கர் நாற்பத்தியொன்றில் வைத்திருக்கிறேன்

தில்ஷாத்,
நீ ரெண்டாம் ஷிஃப்டுக்குப் போனதிலிருந்து
நம் பேச்செல்லாம் இந்த இரும்புக் கதவு வழியாகத்தான்.
நான் கிளம்புகிற மூன்றரைக்கும்
மேல்விசாரம் பஸ் உன்னை இறக்குகிற மூன்றே முக்காலுக்கும்
நடுவில் வைத்துவிட்டுப் போகிறேன்.

முதலில் அந்தத் தடிப் புத்தகம்.
அட்டையில் சொல்யூஷன் கொட்டியது நான் இல்லை,
ஒட்டுப் பிரிவு பரிமளா.
முதல் நாற்பது பக்கம் நிலத்தகராறு,
சர்வே எண்ணெல்லாம் வரும். தாண்டிவிடு.
அப்புறம் ஒருத்தி கிணற்றுக்குள் இறங்குவாள்,
விழ இல்லை, தூர் வார.
அங்கிருந்து படி.
அன்றைக்கு நான் முத்துக்கடையில் இறங்க மறந்து
ஆற்காடு வரைக்கும் போய்த் திரும்பினேன்.
இதைவிடப் பெரிய சிபாரிசு எனக்குத் தெரியாது.

முடிவு சரியில்லை, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.
நாள் முழுக்கத் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள் நான்.
முள்வேலி கிழித்த தழும்பு எது,
உண்ணி கடித்த புள்ளி எது, விரலுக்கே தெரியும்.
அந்தக் கடைசி அத்தியாயம் தழும்பு இல்லை,
கத்தி தவறின இடம்.
ஆனாலும் பாஸ் போட்டேன்.

மெமரி கார்டு, ஊசிப் பாக்கெட்டுக்குள்.
ஒன்றேகால் மணி நேரம் நாகஸ்வரம்.
வாசித்தது யார், என்ன ராகம், கேட்காதே.
நடுவில் ஒரு குழந்தை இருமும்,
யாரோ சொம்பை உருட்டிவிடுவார்கள்.
அந்த இருமலுக்கு அப்புறம் வருவதைத்தான் சொல்கிறேன்.
கடைசியில் ஆறு சினிமாப் பாட்டு.
பாலாற்றுப் பாலத்தைக் கடக்க ஒன்று போதும்,
தண்ணீர் வந்த வருஷமென்றால் ரெண்டு வேண்டும்,
டிரைவர் எல்லாரும் பார்க்கட்டுமென்று மெதுவாகப் போவார்.
நாலாவது பாட்டு மட்டும் வேண்டாம்.
பாட்டில் குறையில்லை.
எனக்கும் அதற்கும் பழைய கணக்கு ஒன்று;
நீ முணுமுணுக்க ஆரம்பித்தால்
லாக்கர் ரூம் முழுக்கச் சுற்றி என்னிடமே வந்து நிற்கும்.

நீ தந்த உருதுப் பாட்டுகளை நாலு நாள் கேட்டேன்.
ஒன்றும் புரியவில்லை.
'ஷாம்' என்றால் சாயங்காலம் என்று
ரிஜெக்ட் சீட்டின் முதுகில் எழுதி வைத்திருந்தாயே,
அந்த வார்த்தை வரும்போதெல்லாம்
வெளியூர்ச் சந்தையில் நம் தெருக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.
இன்னும் நாலு வார்த்தை எழுதி அனுப்பு.

பத்திரிகை அடியில் இருக்கிறது.
ஜோக் இந்த வாரம் சுமார்.
டாக்டர் பதில் பக்கத்தைப் படிக்காதே,
படித்ததும் எனக்கு மூன்று வியாதி வந்துவிட்டது.

ஒரு புகார்.
போன மாசத்து இதழில் நீ வெட்டி எடுத்தது
குக்கரில் கேக் செய்கிற குறிப்பு.
அதன் முதுகில் என் தொடர்கதை, அத்தியாயம் பதினொன்று.
அந்த ஆள் காட்பாடி ஜங்ஷனில் பெட்டியோடு நிற்கிறான்,
ரயில் வந்துவிட்டது, கதவருகே அவள்,
அவ்வளவுதான்,
அப்புறம் கை நுழைகிற அளவுக்குச் சதுர ஓட்டை.
ஓட்டை வழியாக ஒரு நகைக்கடைக்காரர் சிரிக்கிறார்.
பன்னிரண்டில் அவன் குடியாத்தத்தில்
லுங்கிக் கடைக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறான்,
இடது கையில் மாவுக்கட்டு.
நடுவில் என்ன ஆயிற்று?
ஒரு வாரமாகத் தையல் லைனில் எல்லாரையும் கேட்டுவிட்டேன்,
ஆளுக்கொரு விதமாகக் கையை உடைக்கிறார்கள்.

நேற்று நீ வைத்த துண்டு நன்றாகவே இருந்தது,
அடியில் கருகல், சோடா ஒரு சிட்டிகை கூட.
குறிப்பைத் திருப்பிப் படித்துச் சொல்.
அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டாயா?
கம்பெனிப் பசையிலா?
அப்படியென்றால் பிய்க்காதே, சுண்ணாம்போடு வரும்.
நீயே எழுதிவிடு, நாலு வரி போதும்.
அவளோடு ரயிலேற்றினாலும் சரி,
பெட்டியோடு திருப்பி அனுப்பினாலும் சரி.
இடது கையை உடைக்க மட்டும் மறந்துவிடாதே,
பன்னிரண்டுக்கு அது வேண்டும்.